கோளாறு வால்வில், அடைப்பு மூளையில்: தவறிப்போகும் அந்த மாதாந்திர டெஸ்ட்

ஸ்ட்ரோக் என்றதும் நம் மனதில் வருபவர் அறுபதைத் தாண்டியவர், பி.பி., சுகர் இரண்டும் இருப்பவர். முப்பத்தைந்து வயதில், பி.பி. இல்லாத, சுகர் இல்லாத, நேற்றுவரை ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்வந்த ஒரு பெண் காலையில் காபி டம்ளரைக் கை நழுவ விட்டால், 'ராத்திரி சரியா தூங்கலை போல' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூட வயதில் அவருக்கு வால்வில் ஏதோ பிரச்சினை என்று டாக்டர் சொன்னதும், சில வருடம் மாதாமாதம் ஊசி போட்டதும், பிறகு அது விட்டுப்போனதும் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

நரம்பியல் வார்டுகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கும். ஆனால் அடைத்த கட்டி உருவான இடம் மூளை அல்ல, இதயம். இதய வால்வு பழுதானவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் பெரும்பகுதி, வருவதற்கு முன்பே தடுக்கக்கூடியது. தடுக்கும் மாத்திரை விலை அதிகமில்லை, சில ரூபாய்தான். சிக்கல் அந்த மாத்திரையோடு கட்டாயம் வர வேண்டிய ரத்தப் பரிசோதனையில் இருக்கிறது.

கட்டி எங்கே உருவாகிறது?

நுரையீரலில் சுத்தமான ரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து மைட்ரல் வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்கி, உடம்பு முழுக்கப் போகிறது. நம் ஊரில் வால்வு நோய்க்கு இன்றைக்கும் முக்கியமான காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை வலி. அதற்குச் சில வாரங்கள் கழித்துக் காய்ச்சல், மூட்டு வீக்கம். மூட்டு சரியாகிவிடும். வால்வு சரியாகாது. வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தடித்து, ஒட்டி, வாய் குறுகிப்போகும். 'வால்வு சுருங்கிடுச்சு' என்று எக்கோ பார்த்தபின் சொல்வது இதைத்தான். பெண்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

வாசல் குறுகினால் உள்ளே கூட்டம் தேங்கும். மேலறை அழுத்தம் தாங்காமல் பெரிதாகும். அதன் ஓரத்தில் விரல் நுனி போல ஒரு சிறிய பை உண்டு. ஓட்டம் குறைந்து ரத்தம் அங்கே தேங்கும்போது, ஓடாத தண்ணீரில் பாசி பிடிப்பதுபோல, உறையத் தொடங்குகிறது. இதோடு இன்னொன்றும் சேரும். விரிந்த மேலறை ஒரே தாளத்தில் துடிப்பதை விட்டுவிட்டுக் கன்னாபின்னாவென்று நடுங்க ஆரம்பிக்கும். இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். 'நெஞ்சு படபடன்னு அடிக்குது, நாடி தாறுமாறா இருக்கு' என்று சிலர் உணர்வார்கள். பலருக்கு ஒன்றுமே தெரியாது.

அமெரிக்காவின் பிரேமிங்காம் ஊரில் பல்லாண்டுகளாக நடந்துவரும் இதய ஆய்வு 1978-இல் ஒரு கணக்கை வெளியிட்டது. வால்வு நோய் இல்லாமல் ஏ.எஃப். மட்டும் இருந்தால் பக்கவாத ஆபத்து சுமார் ஐந்து மடங்கு. ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் பதினேழு மடங்கு. இதனால்தான், ஏ.எஃப். உள்ள மற்றவர்களுக்கு வயது, சுகர், பி.பி. எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு 'மாத்திரை தேவையா' என்று முடிவு செய்யும் டாக்டர்கள், மைட்ரல் வால்வு ஓரளவுக்கு மேல் சுருங்கியவர்களுக்கு அந்தக் கணக்கே போடுவதில்லை. இருபத்தெட்டு வயதானாலும் சரி, வேறு எந்த நோயும் இல்லாவிட்டாலும் சரி, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்டு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நீண்ட விமானப் பயணத்தில் காலில் கட்டி வரும் என்று கேள்விப்படுகிறோமே, அது வேறு. கால் சிரையில் உண்டாகும் கட்டி நுரையீரலுக்குப் போகும். இதயத்தின் இடப்பக்கக் கட்டி மூளைக்குப் போகும். சில சமயம் காலுக்கோ குடலுக்கோ போய் அங்குள்ள தமனியை அடைக்கும். வால்வு நோயாளி ஒருவருக்குத் திடீரென்று ஒரு கால் மட்டும் சில்லிட்டு, வெளிறி, தாங்க முடியாமல் வலித்தால் அதைச் 'சுளுக்கு' என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வால்வை மாற்றியாச்சு, பிறகென்ன?

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் நிம்மதியாகிவிடுகின்றன. நிம்மதி நியாயமானதுதான், ஆனால் பாதிதான் நியாயம். உலோகத்தாலும் கார்பனாலும் ஆன செயற்கை வால்வைப் பொருத்தியவர்களுக்கு அந்த வால்வின் மேலேயே ரத்தம் உறையலாம். உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும், வாழ்நாள் முழுக்க.

இந்த வால்வுக்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாறு உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் வல்லியத்தான் தலைமையிலான குழு, மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவதில் வென்று உருவாக்கியது சித்ரா வால்வு. முதல் நோயாளிக்கு அது பொருத்தப்பட்டது 1990 டிசம்பரில். வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் அது டிக் டிக் என்று துடித்திருக்கிறது. இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அந்தச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மங்கினால், கூடவே மூச்சு வாங்கினால், வால்வில் கட்டி பிடித்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

உலோக வால்வு வைத்தவர்களில் மாத்திரையே எடுக்காதவர்கள் நூறு பேரை ஓர் ஆண்டு கவனித்தால், சுமார் நான்கு பேருக்குப் பெரிய அளவில் கட்டி போய் அடைக்கும் என்றும், மாத்திரை எடுத்தால் அது ஒருவராகக் குறையும் என்றும் 1994-இல் பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு சொல்கிறது. நாலு சதவீதம்தானே என்று தோன்றலாம். முப்பது வயதில் வால்வு மாற்றியவருக்கு அந்த நாலு ஒவ்வொரு வருடமும் திரும்ப வருகிறது.

விலங்குத் திசுவால் செய்த வால்வுக்குப் பொதுவாக முதல் சில மாதங்கள் மட்டும் இந்த மாத்திரை போதும், ஏ.எஃப். இல்லாவிட்டால். ஆனால் இளம் வயதினரில் திசு வால்வு சீக்கிரம் தேய்ந்து, இன்னொரு ஆபரேஷன் தேவைப்படும். எதை வைப்பது என்பது ஆபரேஷன் மேஜைக்குப் போகும் முன்பு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

எலி மருந்தா?

வார்ஃபரின், அசினோகுமரால். நம் ஊர் மருந்துக்கடைகளில் இரண்டாவதுதான் அதிகம் புழங்குகிறது. 'அசிட்ரோம்' என்றால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். கூகுளில் தேடினால் வார்ஃபரின் எலி மருந்து என்று வரும். பயந்துபோய் நிறுத்தியவர்கள் உண்டு. செய்தி பொய்யில்லை. 1920-களில் அமெரிக்கா, கனடா பண்ணைகளில் கெட்டுப்போன ஒரு வகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் அந்தத் தீவனத்திலிருந்து காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார். அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிக்கும், 1954-இல் மனிதருக்கும் வந்தது. மறு ஆண்டே மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். எலிக்கும் அதிபருக்கும் இடையே இருந்த வித்தியாசம் அளவு மட்டும்தான்.

அந்த அளவைச் சொல்லும் பரிசோதனைதான் ஐ.என்.ஆர். மாத்திரை எடுக்காத ஒருவருக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். ஏ.எஃப். உள்ள வால்வு நோயாளிக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருந்தால் 2.5-லிருந்து 3.5 வரை. இதற்குக் கீழே போனால் கட்டி. ரொம்ப மேலே போனால் மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவு. பாதை குறுகலானது. ஒரே மாத்திரை, ஒரே அளவு என்றாலும் இந்த எண் ஒரே இடத்தில் நிற்காது. அளவு நிலைப்படும்வரை அடிக்கடியும், பிறகு மாதம் ஒருமுறையாவதும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

எண்ணை ஆட்டிவைப்பவை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. பல் வலிக்கு டாக்டர் எழுதும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் கீழே இழுத்துவிடும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். பெயர் தெரியாத சூரணமும் லேகியமும் என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புதிதாக எந்த மருந்து ஆரம்பித்தாலும், சில நாட்களில் ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிடுவது நல்லது.

பிறகு கீரை. 'இனிமே கீரையே தொடாதீங்கன்னு சொல்லிட்டாங்க' என்று வருத்தப்படும் அம்மாக்கள் ஏராளம். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை. அதற்காகக் கீரையைத் துறக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் அதே அளவில் இருக்கட்டும். அதற்கேற்ப மாத்திரை அளவை டாக்டர் வைத்துக்கொள்வார். மூன்று மாதம் தொடாமல் இருந்துவிட்டு, ஊருக்குப் போன பத்து நாளும் தினம் கீரை என்பதுதான் வம்பு.

பேசப்படாத இன்னொன்று மாதவிடாய். இந்த மாத்திரையால் ரத்தப்போக்கு அதிகமாகலாம். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, அந்த ஐந்து நாள் மட்டும் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் இருக்கிறார்கள். அசினோகுமராலின் வீரியம் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஒவ்வொரு மாதமும் அந்த ஐந்து நாள் கதவு திறந்தே கிடக்கிறது. ரத்தப்போக்கைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன; ஆனால் ஓ.பி.யில் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஆண் டாக்டர் கேட்காத கேள்வியை, நோயாளி தானாகச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கர்ப்பம் இன்னும் கடினம். முதல் மூன்று மாதங்களில் இந்த மாத்திரை கருவின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கலாம். அதனால் ஹெபாரின் ஊசிக்கு மாற்றுவது, குறைந்த அளவில் மாத்திரையைத் தொடர்வது என்று பல வழிகள் உண்டு. எதுவும் ஆபத்தே இல்லாதது அல்ல. எல்லாவற்றிலும் மோசமானது, தேதி தள்ளிப்போனதும் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்துவது. கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். உலோக வால்வு உள்ள பெண் கல்யாணப் பேச்சு நடக்கும்போதே இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் ஒன்றாகப் பார்ப்பது நல்லது.

புது மாத்திரை இருக்கே?

டெஸ்ட் தேவைப்படாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டன: டாபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் படித்துவிட்டு, 'அம்மாவுக்கு இதையே மாத்திடலாமே' என்று கேட்பது இயல்பு. வால்வில் லேசான கசிவு போன்ற நிலைகளில் ஏ.எஃப். உள்ளவர்களுக்கு இவை நன்றாகவே வேலை செய்கின்றன. இரண்டு இடங்களில் மட்டும் கதை வேறு.

ஒன்று, உலோக வால்வு. டாபிகட்ரானை இவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் பாதியிலேயே கைவிடப்பட்டது. கட்டியும் அதிகம், ரத்தக்கசிவும் அதிகம். மகாதமனி வால்வில் அபிக்சபானைச் சோதித்த ஆய்வும் 2022-இல் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது, ருமாட்டிக் நோயால் சுருங்கிய மைட்ரல் வால்வோடு ஏ.எஃப். இருப்பவர்கள். 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு இந்தியா உட்பட 24 நாடுகளில் சுமார் 4,500 பேரைச் சேர்த்தது. பெரும்பான்மை பெண்கள், சராசரி வயது ஐம்பது. டெஸ்ட் இல்லாத ரிவரோக்சபான்தான் ஜெயிக்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஜெயித்தது பழைய மாத்திரை. அதை எடுத்தவர்களில் மரணமும் குறைவு. இதில் யோசிக்க வைப்பது இன்னொரு விவரம்: ஆய்வில் சேர்ந்தபோது பழைய மாத்திரை குழுவில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தது. அடிக்கடி பார்த்து அளவைத் திருத்தத் திருத்த நிலைமை மேம்பட்டது. மாதாமாதம் யாரோ ஒருவர் கூப்பிட்டு, ரத்தம் எடுத்து, 'எப்படி இருக்கீங்க' என்று கேட்டதற்கும் இதில் பங்கு இருக்கலாம் என்று மருத்துவர்கள் விவாதிக்கிறார்கள்.

எனவே டெஸ்ட்டைத் தவிர்க்க மாத்திரையை மாற்றும் யோசனை, டெஸ்ட் அதிகம் தேவைப்படுகிற இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொருந்தாது. டெஸ்ட்டைத்தான் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

அந்த நிமிடம்

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்ந்து விழுவது, பேச்சு குளறுவது. இதில் ஒன்று வந்தாலும் 108. 'பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு' என்றாலும் போக வேண்டும். அது பெரிய அடைப்புக்கு முந்தைய சின்னக் கட்டியாக இருக்கலாம். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. ஆனால் ஐ.என்.ஆர். 1.7-ஐத் தாண்டியிருந்தால் அந்த ஊசியைப் போட மாட்டார்கள். மூளையில் ரத்தம் கசிந்துவிடும். அப்போது கதீட்டர் வழியாகக் கட்டியை வெளியே இழுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி தேவை. ஆகவே வாசலில் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம், 'இவங்களுக்கு வால்வு பிரச்சினை, அசிட்ரோம் சாப்பிடுறாங்க' என்பது. கூடவே, கடைசியாக எப்போது நன்றாகப் பார்த்தோம் என்ற நேரம். கடைசி ஐ.என்.ஆர். ரிப்போர்ட் அம்மாவின் பீரோவில் இருந்தால் பிரயோஜனமில்லை. பிள்ளைகளின் போனில் ஒரு போட்டோவாக இருக்கட்டும்.

சுகர் மாத்திரை வருகிறது, இது ஏன் வருவதில்லை?

தமிழ்நாட்டில் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கும் வால்வு ஆபரேஷன் நடக்கிறது. சாதாரண விஷயமல்ல இது. ஆனால் ஆபரேஷன் ஒரு நாள். அதற்குப் பிறகு முப்பது, நாற்பது வருடம் மாதாமாதம் ஐ.என்.ஆர். பல ஊர்களில் இதற்கு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டும். காலையில் பஸ் ஏறி, ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்து, டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். நூறு நாள் வேலைக்கோ தையல் கம்பெனிக்கோ போகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. கூட வருபவருக்கும் போச்சு. தனியார் லேபில் கொடுத்தால் சில நூறு ரூபாய். முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் போவார்கள். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு 'நல்லாத்தானே இருக்கேன்'.

இதை நோயாளியின் அலட்சியம் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவது சுலபம். வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் கூலியை யாரிடம் கேட்பது என்று அந்த ஷீட்டில் இடமில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பி.பி., சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோக முடியும் என்று காட்டிவிட்டது. அந்தப் பணியாளர்கள் பி.பி. கருவியும் குளுக்கோமீட்டரும் கொண்டுபோகிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சில நிமிடத்தில் ஐ.என்.ஆர். சொல்லும் கையடக்கக் கருவியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதன் ஸ்ட்ரிப் விலை அதிகம் என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் சுகர் நோயாளிகளைப் போல இவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இல்லை. ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் கைவிட்டு எண்ணிவிடலாம். எல்லா வீட்டுக்கும் கருவி போக வேண்டியதில்லை. வட்டாரத்துக்கு ஒன்று, வாரத்தில் ஒரு நாள், எண்ணைப் பார்த்து அளவை மாற்றிச் சொல்ல மாவட்ட மருத்துவமனையில் போன் எடுக்கும் ஒரு டாக்டர். இது போதும், தொடங்க.

யார் யாருக்குத் தேவை என்று தேடவும் வேண்டாம். காப்பீட்டில் வால்வு மாற்றிக்கொண்டவர்களின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அரசின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. பணம் கொடுத்ததற்கான கணக்கு அது. அந்தப் பட்டியலை மாவட்டவாரியாகப் பிரித்து, கடைசியாக எப்போது ஐ.என்.ஆர். பார்த்தீர்கள் என்று ஒருமுறை போன் போட்டுக் கேட்க, புதிதாக ஒரு திட்டமோ அரசாணையோ தேவைப்படாது.